ஒத்தையா ரெட்டையா?

ஒரு சின்ன வேலை. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கோங்க. காசைச் சுண்டாமலே, சுண்டின மாதிரி மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டு, பூவா தலையான்னு இருநூறு தடவை வரிசையா எழுதுங்க. பூ, தலை, தலை, பூ... இப்படி. அப்புறம் இன்னொரு பேப்பர்ல, நிஜமாவே ஒரு ரூபாய்க் காசை இருநூறு தடவை சுண்டி, விழுந்ததை அப்படியே எழுதுங்க. ரெண்டையும் விவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட குடுத்தீங்கன்னா, எது காசு எழுதினது எது நீங்க எழுதினதுன்னு பத்து விநாடியில பெரும்பாலும் சரியா சொல்லிடுவார்.

இதுல மந்திரம் மாயம் எதுவும் இல்லை. அவர் பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரே பக்கம் தொடர்ச்சியா எத்தனை தடவை வந்திருக்கு? நிஜக் காசை இருநூறு தடவை சுண்டினா, எங்கேயாவது ஒரு இடத்துல பூவோ தலையோ தொடர்ந்து ஆறு தடவை (அல்லது அதுக்கும் மேல) வர்றதுக்கான வாய்ப்பு சுமார் 96 சதவீதம். கிட்டத்தட்ட கட்டாயம் வரும்னே வெச்சுக்கலாம். ஆனா நாம மனசால எழுதும்போது மூணு தலை, நாலு தலை வந்ததுமே கை தயங்கும். "போதும்யா, இப்ப ஒரு பூ போடு, இல்லேன்னா நம்ப மாட்டாங்க"ன்னு உள்ளேர்ந்து ஒரு குரல். காசுக்கு அந்தக் குரல் கிடையாது. போன தடவை என்ன விழுந்ததுன்னு அதுக்கு ஞாபகமே இல்லை.

இஸ்ரேலைச் சேர்ந்த ரூமா ஃபால்க் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் இதைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார். நிஜமான வரிசையில் பூவிலிருந்து தலைக்கோ, தலையிலிருந்து பூவுக்கோ மாறுவது பாதிக்குப் பாதிதான், 50 சதவீதம். ஆனால் ஜனங்களிடம் "எது பார்க்க ரொம்ப ரேண்டமா இருக்கு?" என்று கேட்டால், 60 சதவீதம் மாறுகிற வரிசையைத்தான் காட்டுகிறார்கள். எழுதச் சொன்னாலும் அதே கதைதான். அதாவது நம்ம கண்ணுக்கு நிஜமான ரேண்டம் போலியாத் தெரியுது, போலிதான் நிஜமாத் தெரியுது.

ரேண்டம் என்பதற்கு நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்தில் சமவாய்ப்பு என்று போட்டிருப்பார்கள். இலங்கையில் எழுமாறு என்பார்கள். எனக்கு நம்மூர் வார்த்தை பிடிச்சிருக்கு, ஏன்னா விஷயமே அதுக்குள்ள இருக்கு. சம வாய்ப்பு. உள்ளே இருக்கிற எல்லாத்துக்கும் ஒரே அளவு சான்ஸ். கேட்க ரொம்பச் சாதாரணமா இருக்கு. ஆனா மனுஷ மனசு தன்னால செய்ய முடியாத காரியங்கள்ல இதுவும் ஒண்ணு. இதை நம்ம ஆட்கள் எப்போ கண்டுபிடிச்சாங்க, அதுக்கு என்ன வழி பண்ணினாங்க, அந்த வழி சுத்திச் சுத்தி எங்க ஊர் பென்னாகரம் வரைக்கும் எப்படி வந்து நிக்குதுங்கிறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல புளியங்கொட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம். தர்மபுரிப் பக்கம் புளிக்குப் பஞ்சமே கிடையாது. அதனால ஒத்தையா ரெட்டையா விளையாடத் தெரியாத பிள்ளைகளும் இங்கே குறைச்சல். கையில கொஞ்சம் கொட்டையை அள்ளி மூடிக்கணும். எதிராளி ஒத்தையா ரெட்டையான்னு சொல்லணும். சரியாச் சொன்னா கொட்டை அவனுக்கு. தப்பாச் சொன்னா அவன் நமக்குத் தரணும். பார்த்தா வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் மாதிரிதான் இருக்கும். ஆனா ஊருக்கு ஒருத்தன் இதுல ஜெயிச்சுக்கிட்டே இருப்பான், கவனிச்சிருக்கீங்களா? அவன் கொட்டையைப் பார்க்கிறதில்லை, ஆளைப் பார்க்கிறான். போன தடவை ஒத்தை வெச்சுத் தோத்தவன் இந்தத் தடவை ரெட்டைக்குத் தாவுவான், ரெண்டு தடவை ஏமாந்தவன் அப்படியே ஒத்தையில நிப்பான்னு அவனுக்கு ஒரு கணக்கு இருக்கு. எட்கர் ஆலன் போ 1844-ல் வெளியான 'திருடப்பட்ட கடிதம்' கதையில் இதே ஆட்டத்தைக் கோலிகுண்டு வெச்சு எழுதியிருக்கார். பள்ளிக்கூடத்துல இருக்கிற மொத்தக் கோலியையும் ஒரு சின்னப் பையன் ஜெயிச்சுடுவான்.

அந்தப் பையன் வேலையை மெஷினே செய்யும்னு 1950-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். டேவிட் ஹேகல்பார்கர் என்ற பொறியாளர் ஒரு இயந்திரம் கட்டினார். ஆள் ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும், அது எதுன்னு இயந்திரம் முன்கூட்டியே ஊகிக்கணும். ஒத்தையா ரெட்டையாவேதான்! ஒரு ஆட்டத்துல ஜெயிச்சா அடுத்து என்ன பண்றீங்க, தோத்தா என்ன பண்றீங்க, இவ்வளவுதான் அது ஞாபகம் வெச்சுக்கும். மொத்தம் 9,795 ஆட்டம். இயந்திரம் ஜெயிச்சது 5,218, மனுஷங்க ஜெயிச்சது 4,577. வித்தியாசம் சின்னதாத் தெரியலாம். ஆனா மனுஷங்க உண்மையிலேயே ரேண்டமா ஆடியிருந்தா ரெண்டு பக்கமும் ஏறத்தாழ சமமா இருந்திருக்கணும். இத்தனை ஆயிரம் ஆட்டத்துல இவ்வளவு இடைவெளி தற்செயலா வராது. அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன் (தகவல் கோட்பாட்டின் தந்தை என்பார்களே, அவரேதான்) இதைவிடச் சின்னதா ஒண்ணு செஞ்சார். ரெண்டு இயந்திரத்தையும் மோதவிட்டதுல ஷானனோடது ஜெயிச்சது :-)

சரி, மனசு ஏன் இப்படிப் பண்ணுது? ஞாபகசக்திதான் காரணம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் பேட்லி 1966-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை உட்கார வைத்து, எழுத்துக்களை ரேண்டமாகச் சொல்லச் சொன்னார். மெதுவாகச் சொன்னபோது ஓரளவு பரவாயில்லை. வேகத்தைக் கூட்டக் கூட்ட, சொன்ன எழுத்தையே திரும்பச் சொல்வதும், அகரவரிசைப்படி அடுத்தடுத்துச் சொல்வதும் அதிகமாகிவிட்டது. மனசுக்கு எது பழக்கமோ அந்தத் தடத்துல போய்த்தான் அது விழும். அதுல விழாம இருக்க ஒவ்வொரு தடவையும் பிரேக் போடணும். பிரேக் போட யோசிக்கணும், யோசிக்க நேரம் வேணும். இதுக்கு நடுவுல, கடைசியா என்ன சொன்னோம்னு நினைவு வெச்சு அதைச் சரிக்கட்டப் பார்க்கிற புத்தி வேற. ஒரு பக்கம் பழக்கம் இழுக்க, மறுபக்கம் சரிக்கட்டற புத்தி இழுக்க, நடுவுல சமவாய்ப்பு காணாமப் போயிடுது.

பழகினா வராதாங்கன்னு கேட்பீங்க. வரும். ஆலன் நியூரிங்கர் என்பவர் 1986-ல் அதையும் செய்து காட்டியிருக்கிறார். கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வைத்து, ரெண்டு பொத்தான்ல ஒண்ணை மாத்தி மாத்தி அழுத்தச் சொல்லி, "இந்த இடத்துல ரேண்டமா இல்லை, இப்படி விலகுது"ன்னு புள்ளிவிவரத்தை அப்பப்போ காட்டிக்கிட்டே வந்தால், நிறையப் பயிற்சிக்குப் பிறகு அந்தச் சோதனைகளில் தேறுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். ஆனா பாருங்க, அதுக்கும் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லிக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. தன் மனசு எந்தப் பக்கம் சாயுதுன்னு தனக்கே தெரியறதில்லை.

சும்மா விளையாட்டுல இது நடந்தா கொட்டைதான் போகும். இரண்டாம் உலகப்போரில் உயிரே போச்சு. ஜெர்மானிய ராணுவத்தின் எனிக்மா சங்கேத இயந்திரம் ரொம்பப் பலமானது. அதை இயக்குகிற சிப்பாய், ஒவ்வொரு செய்திக்கும் மூணு எழுத்தைத் தானே ரேண்டமாத் தேர்ந்தெடுக்கணும்னு ஒரு விதி. சிப்பாய் பாவம், குளிர்ல உட்கார்ந்துகிட்டு எதை எடுப்பான்? ஒரே எழுத்தை மூணு தடவை, விசைப்பலகையில சாய்வா இருக்கிற மூணு எழுத்து, காதலி பேர்ல மூணு எழுத்து. முதலில் போலந்துக் கணித வல்லுநர்களும், பிறகு பிளெட்ச்லி பார்க்கில் இருந்த பிரிட்டிஷ்காரர்களும் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். இயந்திரத்துல இருந்த ஓட்டையோட மனுஷ மனசுல இருந்த ஓட்டையும் அவங்களுக்குக் கைகொடுத்துச்சு.

இப்போ நம்ம நாட்டுப் பழைய கதைக்கு வருவோம்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ரெண்டு இருக்கு. ஒண்ணு அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. இன்னொண்ணு 14-ஆம் ஆட்சியாண்டு, 921. குடவோலை பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படிச்சிருப்போம். "அந்தக் காலத்துலயே ஜனநாயகம்"னு மார் தட்டிக்கிட்டுப் போயிடுவோம். ஆனா அதை நிதானமா ஒரு தடவை படிச்சா, தேர்தலைவிட முக்கியமான ஒண்ணு அதுல தெரியும். மனுஷன் கை மேல, மனசு மேல, கல்வெட்டு எழுதினவங்களுக்கு இருந்த அவநம்பிக்கை!

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருக்கிறது. குடும்புன்னா நம்ம வார்டு மாதிரி. முதல்ல தகுதி. வயசு 35-க்கு மேல், 70-க்குள். கால்வேலிக்கு மேல வரி கட்டற சொந்த நிலம். சொந்த மனையில வீடு. வேதப் படிப்பு. ஏற்கெனவே வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவங்க கிடையாது, அவங்க சொந்தக்காரங்களும் கிடையாது. கடந்த மூணு வருஷத்துல பதவியில இருந்தவங்களும் கிடையாது. தகுதி உள்ளவங்க பேரை ஓலை நறுக்குல எழுதி, குடும்பு வாரியா தனித்தனிக் கட்டாக் கட்டி, ஒரு குடத்துல போடணும்.

இதுக்குப் பிறகு நடக்கிறதைத்தான் ஒவ்வொரு படியா பார்க்கணும். சின்னவங்க பெரியவங்க எல்லாரும் கூடியிருக்கணும். கோயில் நம்பிமார் ஒருத்தர் விடாம வந்திருக்கணும். அவங்கள்ல வயசுல மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடிக்கணும். உள்ளே என்ன இருக்குன்னு அறியாத ஒரு சின்னப் பையன் அதுல கை விட்டு ஒரு கட்டை எடுக்கணும். அந்தக் கட்டைப் பிரிச்சு இன்னொரு குடத்துல போட்டுக் குலுக்கணும். அதிலிருந்து பையன் ஒரே ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில குடுக்கணும். மத்தியஸ்தன் அதை வாங்கும்போது அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். அவர் வாசிக்கணும். அப்புறம் அங்கே இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதை வாசிக்கணும். இப்படி முப்பது பேர். அதில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள்.

ஒவ்வொரு விதியும் ஏதோ ஒரு தில்லுமுல்லுக்குப் போட்ட பூட்டு மாதிரி இருக்கு பாருங்க. விரலை ஏன் விரிக்கணும்? இடுக்குல வேற ஓலை ஒளிச்சு வெச்சிருக்கக் கூடாது. ஏன் எல்லாரும் வாசிக்கணும்? ஒருத்தர் வாய் தவறாவோ தவறாமலோ வேற பேரைச் சொல்லிடக் கூடாது. ஏன் சின்னப் பையன்? இங்கேதான் நாம கொஞ்சம் நிக்கணும். பையன் மனசு பெரியவங்க மனசைவிட ரேண்டம்ங்கிறதால இல்லை. குழந்தைங்க அந்த வேலையில இன்னும் மோசம். 2017-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், 4 வயதிலிருந்து 91 வயது வரை 3,429 பேரிடம் காசு சுண்டின மாதிரி, பகடை உருட்டின மாதிரி வரிசைகளை மனதால் உருவாக்கச் சொன்னார்கள். அதில் திறமை உச்சத்தில் இருந்தது 25 வயது வாக்கில்தான். அப்போ பையனைக் கூப்பிடறது எதுக்கு? அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறதுக்காக. எந்த ஓலை யாரோடதுன்னு தெரியாத கை, குலுக்கின குடம். இந்த ரெண்டும் சேர்ந்தா யார் மனசும் அதுல நுழைய முடியாது. கோயில்ல பூ போட்டுப் பார்க்கும்போது வெள்ளைப்பூ செவப்புப்பூ பொட்டலத்தை எடுக்க இன்னிக்கும் குழந்தையைக் கூப்பிடறாங்களே, அதுக்கும் இதே நியாயம்தான். திருவுளச்சீட்டுன்னு பேர் வேற. "நான் எடுக்கலை, அவன் எடுத்துக் குடுத்தான்"னு ஆண்டவன் மேல பாரத்தைப் போட்டுடறது.

இந்தக் குடமும் ஓலையும் உத்திரமேரூர்ல திடீர்னு முளைச்சதும் இல்லை. அகநானூற்றின் 77-ஆம் பாட்டில், மருதன் இளநாகனார் பாலைநிலத்துப் பருந்துக்கு உவமையாக, குடத்தின் கட்டை அவிழ்த்து ஓலை எடுக்கிறவர்களைச் சொல்கிறார். உவமை சொல்லணும்னா கேட்கிறவனுக்கு அது தெரிஞ்ச காட்சியா இருக்கணும் இல்லையா?

ஒண்ணு சொல்லியே ஆகணும். அந்தக் குடத்துக்குள்ள போன பேர்கள் ரொம்பக் கொஞ்சம். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர் ஊர். நிலம் இல்லாதவன் பேர், வேதம் படிக்காதவன் பேர், பெண்கள் பேர் ஓலையில ஏறவே இல்லை. சமவாய்ப்பெல்லாம் குடத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். குடத்துக்குள்ள யாரைப் போடறதுங்கிறதை மனுஷங்கதான் முடிவு பண்ணினாங்க.

குலுக்கணும்னு கல்லுல வெட்டி வெச்சாங்களே, அது எவ்வளவு பெரிய விஷயம்னு அமெரிக்காக்காரங்க ஆயிரம் வருஷம் கழிச்சுத்தான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. 1969 டிசம்பர் 1. வியட்நாம் போருக்கு யாரை முதல்ல அனுப்பறதுன்னு பிறந்தநாள் வாரியா குலுக்கல். 366 தேதிகளையும் சின்னச் சின்னக் குப்பிகள்ல போட்டு, ஜாடியில கொட்டி, ஒவ்வொண்ணா எடுத்தாங்க. மாசம் மாசமாப் போட்டாங்க, சரியாக் கலக்கலை. விளைவு, நவம்பர், டிசம்பர்ல பிறந்தவங்க நிறையப் பேருக்கு முன்னாடி நம்பர் விழுந்துடுச்சு. குலுக்கிய குலுக்கு பத்தலைங்கிறதால எத்தனை பசங்க போருக்குப் போனாங்களோ!

பென்னாகரத்துக்கு இதுல என்ன வேலைன்னா, முதல்ல வயக்காட்டுல இருக்கு.

பிரிட்டிஷ் காலத்துல விளைச்சலை அணாக் கணக்குல சொல்வாங்க. முழு விளைச்சல்னா பதினாறு அணா. அதிகாரி வயலைக் கண்ணால் பார்த்துச் சொல்றதுதான் கணக்கு. அறுத்து எடை போட்டுப் பார்க்கிற பழக்கமும் இருந்தது, ஆனா எந்த வயல்ல அறுக்கிறதுங்கிறதை அதிகாரியே "சராசரியா இருக்கிற வயலா" பார்த்துத் தேர்ந்தெடுப்பார். இதில்தான் கோளாறு என்று பிடித்தவர் ஜான் ஹப்பாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. 1920-களின் நடுவில் பீகார்-ஒரிசாவில் நெல் விளைச்சலை அளக்க, அதிகாரியின் கண்ணை நம்பாமல் இடத்தை ரேண்டமாகத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்து, 1927-ல் வெளியிட்டார். (பிறகு 1936-ல் ஒரிசாவின் முதல் கவர்னர் ஆனவரும் இவர்தான்.) அதே 1927-ல் இங்கிலாந்தில் டிப்பெட் என்பவர் 41,600 இலக்கம் கொண்ட ரேண்டம் எண் அட்டவணையைப் புத்தகமாகப் போட்டார். அவரும் முதலில் பையில் சீட்டுப் போட்டு எடுத்துப் பார்த்து, சரியாகக் கலக்கவில்லை என்று கைவிட்டு, மக்கள்தொகைக் கணக்கு அறிக்கைகளில் இருந்த பரப்பளவு எண்களிலிருந்து இலக்கங்களைப் பொறுக்கினார்!

கண்ணால பார்த்து எடுத்தா எவ்வளவு கோணும்? இங்கிலாந்தின் ஃபிராங்க் யேட்ஸ் 1930-களில் எழுதிய ஒரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேஜை மேல சுமார் 1,200 கல்லைப் பரப்பி வெச்சாங்க. பெரிசு சிறிசு எல்லாம் கலந்தது. பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, மொத்தக் குவியலையும் பிரதிபலிக்கிற மாதிரி இருபது இருபது கல்லா, ஆளுக்கு மூணு தடவை எடுக்கச் சொன்னாங்க. ஆக 36 மாதிரிகள். மிகப் பெரும்பாலானதுல சராசரி எடை நிஜத்தைவிடக் கூடவே இருந்துச்சு. யாரும் ஏமாத்தலை, எல்லாரும் நேர்மையாத்தான் எடுத்தாங்க. பெரிய கல் கண்ணுல படுது, பொடிக்கல் படலை. அவ்வளவுதான்.

கல்லுக்குப் பதிலா இப்போ ராகிக் கதிரை வெச்சுப் பாருங்க.

பென்னாகரம் பக்கம் மானாவாரி நிலம் நிறைய. ராகி, சாமை, கொள்ளு, நிலக்கடலை. மழை வந்தா உண்டு, இல்லேன்னா இல்லை. 2016-ல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், இழப்பீடு ஒவ்வொரு விவசாயி வயலையும் பார்த்துக் கணக்கிடறதில்லை. அந்த வட்டாரத்துல சில வயல்களைத் தேர்ந்தெடுத்துப் பயிர் அறுவடைச் சோதனை பண்ணுவாங்க. பெரும்பாலான பயிர்களுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். அதுல விளைஞ்சதை அறுத்து, அடிச்சு, எடை போட்டு, அதை வெச்சு மொத்த வட்டாரத்து விளைச்சலையும் சொல்லுவாங்க. முந்தைய வருஷங்களின் விளைச்சலை வைத்துப் போட்ட ஒரு அளவு இருக்கும். அதுக்குக் கீழே எவ்வளவு குறையுதோ அந்த விகிதத்துல இழப்பீடு.

25 சதுர மீட்டர்னா ஏக்கர்ல சுமார் 162-ல் ஒரு பங்கு. அந்தச் சதுரத்துல ஒரு கிலோ கூடினா ஏக்கருக்கு 162 கிலோ கூடிடும். ஒரு கணக்குக்கு வெச்சுக்குவோம். நிர்ணய அளவு ஏக்கருக்கு 1,000 கிலோ, காப்பீட்டுத் தொகை 20,000 ரூபாய். நிஜ விளைச்சல் 700 கிலோ. இழப்பு 30 சதவீதம், 6,000 ரூபாய் வரணும். சோதனை பண்ண வந்தவர் கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்ச மூலையில நின்னு, சதுரத்துல ஒண்ணே கால் கிலோ கூட வந்துடுச்சுன்னா விளைச்சல் 900 கிலோ ஆயிடும். இழப்பீடு 2,000 ரூபாய். அவர் காசு வாங்கலை, பொய் எழுதலை. மேட்டு நிலத்துல சொட்டை விழுந்த இடத்தைக் கண் தாண்டிப் போயிடுச்சு, அவ்வளவுதான். அந்தச் சொட்டையை நம்பித்தான் ஒருத்தன் பிரீமியம் கட்டியிருப்பான்.

அதனாலதான் விதிமுறை இப்படி இருக்கு. எந்தக் கிராமம், எந்த சர்வே நம்பர், எந்த வயல் எல்லாமே ரேண்டம் எண்ணை வெச்சு. வயலுக்குப் போனதும் தென்மேற்கு மூலையில ஆரம்பிச்சு, நீளத்துல இத்தனை, அகலத்துல இத்தனைன்னு மறுபடியும் ரேண்டம் எண். அந்தப் புள்ளி எங்கே விழுதோ அங்கேதான் முளைக்குச்சி அடிக்கணும். நல்ல இடமோ சொட்டையோ, நகர்த்தக் கூடாது. குடத்துல கை விட்ட பையன் வேலையை இப்போ எண் செய்யுது.

ஆபீஸ்லயே உட்கார்ந்து எண்ணைக் கற்பனையா எழுதிட்டாங்கன்னா? அதுக்கும் நம்ம நாட்டுலயே வழி கண்டுபிடிச்சாங்க. 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மஹாலநோபிஸ், வங்காளத்துச் சணல் கணக்கெடுப்பில் ஒரே பகுதிக்கு ரெண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ரெண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்பினார். ரெண்டு பேர் நேர்மையா அளந்தா முடிவு கிட்டக்கிட்ட வரும். ஒருத்தர் மரத்தடியில உட்கார்ந்து எழுதியிருந்தா காட்டிக்குடுத்துடும். ஏன்னா நிஜம் மாதிரி எண்ணை இட்டுக்கட்டறது, இருநூறு பூ தலை எழுதற மாதிரிதான். வரவே வராது.

இரண்டாவது இடம், ஓட்டுச் சாவடி.

2010 மார்ச்சில் நடந்த இடைத்தேர்தலில் தமிழ்நாடே பென்னாகரத்தைப் பார்த்துச்சு. மந்திரிங்க எல்லாம் இங்கேதான் குடியிருந்தாங்க. மத்த நாளெல்லாம், ஒகேனக்கல் போற வழியில பஸ் நிக்கிற ஊர். அந்தத் தொகுதிக்குள்ளயே இன்னும் ஒதுங்கின ஊர்கள் உண்டு. கோட்டூர் மலையில வண்டி போகப் பாதை இல்லாம, பல தேர்தல்கள்ல ஓட்டு மெஷினைக் கழுதை மேல ஏத்திக்கிட்டுப் போனாங்க. பேப்பர்ல போட்டோவே வந்திருக்கு.

2019 ஏப்ரல் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. அதுவரை ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சாவடியில் மட்டும் ஒப்புகைச் சீட்டுகளை (விவிபாட்) எண்ணி மெஷின் கணக்கோடு ஒத்துப்பார்த்தார்கள். இனி ஐந்து சாவடி என்றது. எல்லாவற்றையும் எண்ணணும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-ல் நீதிமன்றம் ஏற்கவில்லை, ஐந்துதான் என்று நின்றது. ஐந்து போதுமா போதாதாங்கிறது தனிச் சண்டை. எனக்கு முக்கியம், அந்த அஞ்சை எப்படி எடுக்கிறாங்கங்கிறது. எல்லாச் சாவடி எண்ணையும் ஒரே அளவு வெள்ளை அட்டையில எழுதி, மடிச்சு, ஒரு பாத்திரத்துல போட்டுக் குலுக்கி, வேட்பாளருங்க, ஏஜெண்டுங்க, பார்வையாளர் கண் முன்னாடி எடுக்கணும். பராந்தகன் காலத்து நம்பிமார் வந்து பார்த்தா புதுசா எதையும் விளக்க வேண்டியிருக்காது :-)

"நீங்களே ஏதாவது அஞ்சு சொல்லுங்க"ன்னு அதிகாரிகிட்ட விட்டா என்ன ஆகும்? நல்லவர்னே வெச்சுக்குவோம். முதல் சாவடியை எடுக்க மாட்டார், கடைசியையும் எடுக்க மாட்டார். அடுத்தடுத்து ரெண்டு எண் வந்தா தப்பாத் தெரியுமேன்னு தள்ளித் தள்ளி எடுப்பார். அவர் எதை எடுக்க மாட்டார்னு ஊகிக்கத் தெரிஞ்சவனுக்கு, எங்கே கை வைக்கலாம்னும் தெரிஞ்சுடும். ஒத்தையா ரெட்டையால ஜெயிக்கிற பையன் மாதிரி.

இதே புத்தியை வெச்சே தில்லுமுல்லைப் பிடிக்கவும் முயற்சி பண்ணியிருக்காங்க. 2009 ஈரான் அதிபர் தேர்தல் முடிவுகளில், மாகாண வாரியான 116 எண்களின் கடைசி இலக்கத்தை மட்டும் பெர்ன்ட் பீபர், அலெக்ஸாண்ட்ரா ஸ்காக்கோ என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். ஒழுங்கா எண்ணியிருந்தா ஒவ்வொரு இலக்கமும் பத்துல ஒரு பங்கு வரணும். 7 சுமார் 17 சதவீதம், 5 வெறும் 4 சதவீதம். இது ஒண்ணு மட்டும் மோசடிக்கு ஆதாரம் ஆகிடாது, இதைப் பத்தி நிறைய விவாதமும் நடந்துச்சு. ஆனா கடைசி இலக்கத்தைப் போய் யாராவது பார்ப்பாங்கன்னு மனுஷங்க நினைக்கிறதில்லைங்கிறது உண்மை.

யோசிச்சுப் பார்த்தா மனுஷ மனசு சமவாய்ப்பை மறுக்கிறதுல கெட்ட எண்ணம் பெரும்பாலும் இல்லை. கண்ணுல பட்டதை எடுக்கும், பழகினதை எடுக்கும், வழியில இருக்கிறதை எடுக்கும். "தமிழ்நாட்டுல சும்மா ஒரு ஊர் பேர் சொல்லுங்க"ன்னு நூறு பேரைக் கேளுங்க. மதுரை வரும், கோயமுத்தூர் வரும். பென்னாகரம்னு எத்தனை பேர் வாயில வரும்? பென்னாகரத்துக்காரன்கிட்டயே "தொகுதியில ஒரு சாவடி சொல்லு"ன்னா கடைவீதிப் பள்ளிக்கூடத்தைத்தான் சொல்வான், கோட்டூர் மலையைச் சொல்ல மாட்டான். யாருக்கும் விரோதம் இல்லை, ஞாபகம் வரலை. மேட்டு நிலத்துச் சொட்டை, யேட்ஸோட பொடிக்கல், மலைமேல இருக்கிற சாவடி, எல்லாம் ஒரே ஜாதி.

அந்த அட்டைகளை மடிச்சுப் பாத்திரத்துல போட்டுட்டா, கழுதையில போன மெஷினுக்கும் கார்ல போன மெஷினுக்கும் ஒரே அளவு அட்டை. எடுக்கிற கைக்கு எது மலை எது கடைவீதின்னு தெரியாது. கோட்டூருக்குச் சரியா அதோட பங்கு வாய்ப்பு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நல்லாக் குலுக்கணும், அது ஒண்ணுதான் பாக்கி.